கடைசிக் காட்சியில் பேச்சில்லை

"இப்ப என்ன நடக்குது? சொல்லு, பிள்ளை."

ரீச்சர் அப்படிக் கேட்டபோது அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ரீவியில் வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி மலையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரீச்சருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். ஐம்பத்தைந்து வருசத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தவள் நான். ஆனால் முன் அறையில் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தரம். நிலத்தில் இருந்து சொன்னால் கேட்காது என்று ரீச்சர்தான் பிடித்து இருத்தினார். நுனியில்தான் இருந்தேன். யாராவது படலையைத் திறந்தால் எழும்பிவிடலாம் என்று ஒரு கால் முன்னுக்கே நின்றது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பன்னிரண்டு வயதில் அம்மா என்னைச் சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த அந்த வீட்டுக் குசினியில் கொண்டுவந்து விட்டார். ரீச்சர் அப்போது புதுசாகக் கலியாணம் முடித்து வந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தார். பிறகு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். இரண்டு பேரையும் இடுப்பில் வைத்து வளர்த்தது நான்தான். மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகளுக்கு நான் அக்கா. எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்தப் படத்தின் கதை எனக்கு நாற்பது வருசத்துக்கு முன்னமே தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணி குடித்த கையோடு ரீச்சர் ஒரு நீல மட்டைப் புத்தகத்தை எடுப்பார். தடித்த இங்கிலீஷ் புத்தகம். ஒரு பக்கத்தைத் தனக்குள் வாசிப்பார், பிறகு அதைத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். நான் குசினி வாசலில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டு கேட்பேன். கதை ருசிக்கும் இடத்தில் என் கை நின்றுவிடும். "அங்கை திருவல் சத்தம் நிண்டிட்டுது. இண்டைக்குச் சொதி இல்லைப் போல" என்று ரீச்சர் சிரிப்பார். நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படபடவென்று திருவுவேன்.

கதை இதுதான். ஒரு அக்காவும் தம்பியும். தம்பி பெரிய பட்டம் ஒன்று ஏற்றுகிறான். காற்று அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மேலே முகிலுக்குள் ஒரு நாடு. அங்கே இருக்கிறவர்கள் நாளுக்கு நாள் பாரம் குறைந்துகொண்டே போவார்கள், கடைசியில் புகை மாதிரி ஆகிவிடுவார்கள். அக்காக்காரி சட்டைப் பைக்குள் கல்லை நிரப்பிக்கொண்டு தேடிப் போகிறாள். தம்பியைக் கண்டுபிடித்தும் விடுகிறாள், ஆனால் இரண்டு பேரும் ஒன்றாக இறங்க ஏலாது. அவள் முதலில் இறங்கி, கீழே நின்று பட்டத்து நூலைச் சுற்றவேண்டும். சுற்றிச் சுற்றிக் கை வெட்டி இரத்தம் வருகிறது. கடைசியில் பட்டம் கீழே வருகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தம்பி வருகிறான்.

முடிவு சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். தம்பிக்கு அப்போது ஏழு வயது இருக்கும். நூல் சுற்றத் தொடங்கினபோதே அவன் விம்மத் தொடங்கிவிட்டான். ரீச்சர் பக்கத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு முடிவைச் சொன்னார். வாசித்து முடித்துவிட்டார், அதனால்தான் மூடினார் என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு தம்பி பட்டம் ஏற்றும் நேரமெல்லாம் நூலை என் கையில்தான் தருவான். "அக்கா, விட்டிடாதை என்ன? விட்டால் நான் போயிடுவன்" என்பான். பட்டம்தானே போகும், நீ ஏன் போகிறாய் என்று நான் பகிடி பண்ணுவேன்.

சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகளும் இல்லை, புத்தகங்களும் இல்லை. ஐயா, ரீச்சரின் புருசன், அதற்கு முன்னமே நெஞ்சுவருத்தத்தில் போய்விட்டார். மகள் லண்டனில். தம்பி மட்டும் எங்களோடு. திரும்பி வந்த அடுத்த வருசம் ஒரு விடியற்காலை ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் கோயில் வீதிக்கு வரச் சொன்னார்கள். தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட ஒருவனை வாகனத்துக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். அவனைத் தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும். அவன் பேசாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் வாகனத்தில் ஏறவேண்டும். நானும் ரீச்சரும் மற்றப் பெண்களோடு கோயில் மதில் ஓரமாக நின்றோம். தம்பி நீலச் சேட்டோடு நடந்து போனான். அந்தச் சாக்கு இரண்டு தரம் ஆடியது. இருபத்தாறு வயது. அவ்வளவுதான் நாங்கள் அவனைக் கண்டது.

ரீச்சர் போகாத இடமில்லை, எழுதாத கடிதமில்லை. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இல்லை என்றே சொன்னார்கள். இல்லை என்கிறவர்கள் செத்துவிட்டான் என்று சொல்லவில்லையே என்று ரீச்சர் இருந்தார். சீனி வருத்தம் அவருடைய கண்ணை மெல்ல மெல்லத் தின்றது. பார்வை முழுக்கப் போன பிறகு ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால், "ஆர் உது? போய்ப் பார்" என்பார். நான் படலை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மீன்காரன் ரீச்சர், தபால்காரன் ரீச்சர் என்று சொல்லுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். என் முழங்காலும் தேயத் தொடங்கியிருந்தது. ஒரு தரமும் போகாமல் இருந்ததில்லை.

மகள் எங்கள் ஊர் அம்மன் கோயில் தேருக்கு என்று லண்டனில் இருந்து வந்தார். உண்மையில் வந்தது வேறு காரியத்துக்கு. அவருடைய பெட்டைக்கு இரண்டு தரம் கலியாணம் பேசிக் குழம்பிவிட்டது. மாமன்காரனுக்கு, எங்கள் தம்பிக்கு, அந்தியேட்டிக் கிரியை செய்யாமல் விட்டதுதான் குற்றம் என்று சாத்திரி சொல்லிவிட்டார்.

"அம்மா, இருபது வருசத்துக்கு மேலை ஆச்சு. கீரிமலையிலை ஒரு நாள் வேலை."

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லுறியோ? உன்ரை பிள்ளையெண்டால் செய்வியோ?"

மகள் அழுதுகொண்டு எழும்பிப் போனார். ரீச்சருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கனகாலத்துக்கு முன் ரீச்சர் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தவர். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. வெள்ளை என்றால் இருக்கிறான், சிவப்பு என்றால் இல்லை. அன்று வெள்ளை வந்தது. அதற்குப் பிறகு பயத்தில் அவர் ஒருநாளும் கட்டிப் பார்க்கவில்லை. அன்று இரவு சொன்னார்: "இனிப் பூக்கட்டியும் பிரயோசனமில்லை. நிறம் எனக்குத் தெரியாது. நீ சொல்லுறதைத்தான் நம்பவேணும்."

மகள் போவதற்கு முதல்நாள் படம் இருந்த சின்னப் பென்டிரைவ் ஒன்றை ரீவியில் செருகிவிட்டு எனக்கு எந்தப் பொத்தானை அமத்துவது என்று காட்டித் தந்தார். "அம்மா, நீங்கள் சொல்லித் தந்த பட்டக் கதையை இப்ப படமா எடுத்திருக்கிறாங்கள். கேளுங்கோ, மனம் ஆறும்" என்றார். ரீச்சரின் முகம் சடக்கென்று திரும்பியது. "முடிவும் எடுத்திருக்கிறாங்களோ?" என்று கேட்டார். "முடிவில்லாமல் படம் எடுப்பாங்களே அம்மா?" என்று மகள் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. "நீ போ. நான் அதைப் பார்த்திட்டு உன்ரை காரியத்துக்கு மறுமொழி சொல்லுறன்" என்றார்.

பூப் பொட்டலத்துக்குப் பதிலாக இந்தப் படத்தை வைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. தம்பி பட்டத்து வாலைப் பிடித்துக்கொண்டு வருவான், ரீச்சர் மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மகள் போன கிழமை, வியாழக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போட்டோம். படம் முழுக்க இங்கிலீஷ். ரீச்சருக்குப் பாஷை தெரியும், பார்வையில்லை. எனக்குப் பார்வை இருந்தது, பாஷை தெரியாது. ஆகவே அவர் பேச்சைச் சொல்ல, நான் படத்தைச் சொன்னேன். முதலில் எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"வீடு ஒண்டு ரீச்சர்."

"என்ன வீடு? கல்வீடோ, மண்வீடோ? எத்தினை அறை? வீடெண்டால் நான் என்னத்தைக் காணுறது?"

"கல்வீடு. எங்கடை தபால் கந்தோர் மாதிரி. ஆனால் கூரையிலை புல்லு முளைச்சிருக்கு."

"அது புல்லாலை வேய்ஞ்ச கூரையடி விசரி."

பிறகு பிறகு எனக்கும் பழகிவிட்டது. அக்காக்காரியின் தலைமயிர் மஞ்சள் நிறம் என்றேன். தம்பிக்காரனின் சப்பாத்து இரண்டும் வேற வேற நிறம் என்றேன். முகில் நாட்டில் சாப்பாட்டுக் கடை மாதிரி ஒன்று வந்தது. எல்லாரும் வெறும் கோப்பையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி நடித்தார்கள். "எங்கடை முகாம் சாப்பாடுதான்" என்று நான் சொல்ல, ரீச்சர் கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் நினைப்பேன். அதோடு அது முடிந்தது.

முகில் நாட்டு வாசலில் நீளமான வரிசை. பெரியவர்கள், குழந்தைகள், கிழவர்கள். வாசலில் ஒரு கல்லில் ஒருவன் இருந்தான். தலையில் இருந்து தோள் மட்டும் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவரும் அவனுக்கு முன்னால் போய் நிற்க, அவன் சிலருக்குத் தலையை ஆட்டினான். அவன் யாருக்குத் தலையை ஆட்டினானோ அவர்களை இடப்பக்கம் கொண்டுபோனார்கள்.

ரீச்சர் கதையைச் சொன்ன காலத்தில் இப்படி ஒருவன் வரவில்லை. வந்திருந்தாலும் அப்போது அவன் எங்களுக்கு வெறும் கதையில் வருகிறவன்.

"என்ன பேசாமல் இருக்கிறாய்? ஆர் அங்கை?"

"வாசல்காரன் ரீச்சர். வயசாளி. வெள்ளைத் தாடி."

"என்ன செய்யிறான்?"

"சும்மா இருக்கிறான். ஆக்களை உள்ளுக்கு விடுறான்."

அந்த நேரம் பார்த்து அக்காக்காரி கத்தி ஏதோ பேசினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரீச்சரின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"முகத்திலை போட்டிருக்கிற சாக்கைக் கழட்டு எண்டு கேக்கிறாள் அவள்" என்றார் ரீச்சர். குரல் மெல்லியதாக இருந்தது. "தாடி எங்கையிருந்து வந்தது?"

நான் ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தலை ஆட்டுறானோ?"

"ஓம் ரீச்சர்."

"அதை ஏன் மறைச்சனி?"

நிற்பாட்டட்டோ என்று கேட்டேன். வேண்டாம், ஓடட்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. நான் சொன்னதற்கு உம் மட்டும் கொட்டினார். புகையாய்ப் போகிறவர்களின் முகங்கள் காற்றில் கரைந்ததையும் நான் முழுதாகச் சொல்லவில்லை. அதுவும் அவருக்கு விளங்கியிருக்கும்.

கடைசியில் அக்காக்காரி இறங்கி வந்து மலையில் நின்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வாத்தியச் சத்தம் மட்டும் இழுத்துக்கொண்டு போனது.

"இனி எனக்கு விளங்க ஒண்டுமில்லை" என்றார் ரீச்சர். "நீதான் சொல்லவேணும்."

"நூலைச் சுத்துறாள் ரீச்சர்."

"பிறகு?"

"இன்னும் சுத்துறாள். கையெல்லாம் ரத்தம். பொழுது படுகுது. பட்டம் தெரியுது ரீச்சர், சின்னனாத் தெரியுது."

"வாலிலை என்ன கட்டியிருக்கு?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. வாலைப் பார்த்தேன். பாயும் முகிலைக் கிழித்துக்கொண்டு முதலில் வால் வந்தது, பிறகு இரண்டு கை, பிறகு அவன். மெலிந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு, வாலைக் கட்டிப் பிடித்தபடி. நான் கத்தியேவிட்டேன்.

"வாறான் ரீச்சர்! வாலைப் பிடிச்சுக்கொண்டு வாறான்! அந்தா, அவள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள்!"

ரீச்சர் என் மணிக்கட்டை விட்டுவிட்டார். வாத்தியம் பெரிதாகக் கேட்டு, பிறகு அடங்கியது. எழுத்து ஓடத் தொடங்கியது. அவர் கண் திறந்தபடியே இருந்தது.

"நீ அப்பிடித்தான் சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

"சத்தியமா ரீச்சர். அம்மாளாச்சி அறிய."

"அம்மாளாச்சியை இழுக்காதை. புத்தகத்திலை அவன் வாறேல்லை. வாலிலை அவன்ரை ஒற்றைச் சப்பாத்து மட்டும்தான் கட்டியிருக்கும். அண்டைக்கு அவன் விம்மி விம்மி அழுதான், என்னாலை வாசிக்க முடியேல்லை. அவன் வாறான் எண்டு நான்தான் மாத்திச் சொன்னனான்." ரீவிப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "நான் அவனுக்குச் சொன்ன பொய்யை இண்டைக்கு நீ எனக்குச் சொல்லுறாய்."

படக்காரரும் மாற்றியிருக்கலாம், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்குமே என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவருக்கு எதிராகப் பேசியது வாழ்நாளில் அதுதான். திருப்பிப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

"திருப்பிப் போட்டாலும் நீதானேயடி சொல்லப்போறாய்."

தாடி வைத்த வாசல்காரனைச் சொன்ன வாய் என்னுடையது.

அடுத்தநாள் லண்டனில் இருந்து மகள் போன் எடுத்தார். போனை நான் பிடித்துக்கொண்டு நிற்க, ரீச்சர் கதைத்தார். "பார்த்தனாங்கள். புத்தகத்திலை இருக்கிற மாதிரியே எடுத்திருக்கிறாங்கள். சரி, உன்ரை காரியத்தைச் செய்வம்" என்றார். மகளுக்கும் ரீச்சர் சொன்ன கதைதான் தெரியும். புத்தகத்தில் இருக்கிற மாதிரி என்றால் தம்பி வருகிற மாதிரி என்றுதான் அவர் விளங்கியிருப்பார். "அக்கா, அம்மா நல்லா இருக்கிறாவோ? அழுதவவோ?" என்று என்னிடம் கேட்டார்.

ஒரு வசனம் போதும். பிள்ளை, படத்திலை அவன் வாறானோ இல்லையோ, நீங்களே அம்மாவுக்குச் சொல்லுங்கோ. அவ்வளவுதான். மகள் படத்தைப் பார்த்தவர், மகள் சொன்னால் ரீச்சர் நம்புவார். போன் என் கையில்தான் இருந்தது.

நான் சொல்லவில்லை. ஏன் என்று எத்தனையோ தரம் என்னைக் கேட்டுவிட்டேன். ஆக்களுக்கு நடுவில் கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம், அது உண்மை. கலியாணம் குழம்பின அந்தப் பெட்டையை நினைத்தேன், அதுவும் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் கீழே இன்னொன்று இருந்தது. முதல்நாள் விடியவே மூன்று தரம் படலைக்குப் போய் வந்திருந்தேன். எனக்குக் களைத்துப்போய்விட்டது. இனி அவர் கேட்கமாட்டார் என்ற நினைப்பு ஒரு நிமிசம் வந்தது. அந்த ஒரு நிமிசத்தில் "ஓம் பிள்ளை, அம்மா நல்லா இருக்கிறா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவர் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. சைக்கிள் மணி அடிக்கும், ரீச்சர் முகத்தைத் திருப்பமாட்டார். நான்தான் பழக்கத்தில் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். அந்த வருசம் முடிவதற்குள் அவர் ஒரு குழந்தை அளவுக்கு வற்றிப்போனார். குளிக்க வார்க்கத் தூக்கினால் பாரமே இல்லை. இப்போது அவரும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கிறேன். தம்பியின் திதி வந்தால் சோறு சமைத்துப் படைக்கிறது நான்தான். அந்தத் திதி எப்படி வந்தது என்பது எனக்கும் செத்துப்போன ரீச்சருக்கும் அந்தியேட்டி செய்த ஐயருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தியேட்டி அன்று கீரிமலையில் கடல் காற்று பலமாக இருந்தது. கிரியை செய்யவந்த சொந்தக்காரர் ஒருவர் தர்ப்பை போட்டுக்கொண்டு தள்ளிக் கடலோரம் நின்றார். ரீச்சரை நான் கைபிடித்துக் கல்லில் இருத்தியிருந்தேன். ஐயர் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு, "மோட்சமான நாள் என்ன?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் தெரியாது. "அப்பிடியெண்டால் பிடிச்ச நாளை வைப்பம். கனபேர் அப்பிடித்தான் வைக்கினம்" என்றார் ஐயர்.

"இல்லை" என்றார் ரீச்சர். "அண்டைக்கு அவன் நடந்து போனவன். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு அவன் சாகேல்லை."

பிறகு நான் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"நாங்கள் அந்தப் படம் பார்த்தது எப்ப? நீ சொல்லு, பிள்ளை."

தேர் முடிந்து மகள் போன கிழமை, ஆடி மாதம், வியாழக்கிழமை என்றேன். ஐயர் பஞ்சாங்கத்து ஒற்றையைப் புரட்டி விரலை ஓடவிட்டார். "பூர்வபக்க நவமி" என்றார்.

தம்பி செத்த நாளைச் சொன்னது நான்தான். சரியோ என்று ரீச்சர் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் சொன்னவற்றில் அதைத்தான் அவர் உடனே நம்பினார்.